சட்டத்திற்காகப் பிறந்த கார்கள்

மோட்டார்ப் பந்தயங்களிலே நெடுங்காலமாக ஒரு விதி உண்டு. சில பிரிவுகளிற் போட்டியிட விரும்பும் கம்பனி, தான் ஓட்டும் காரின் வகையிலேயே குறித்த ஒரு தொகையைச் செய்து பொதுமக்களுக்கும் விற்றல் வேண்டும். அங்ஙனம் செய்யப்பட்டதை அதிகாரிகள் கண்டு ஏற்றுக்கொள்வதை ‘ஹோமொலொகேஷன்’ என்பர். ‘உடன்படுதல்’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழி வந்தது அப்பெயர். விதியின் நோக்கம் நல்லதே. பந்தயத்திற்கென்றே பெரும் பொருட் செலவிற் செய்த விசித்திர வாகனங்கள் புகுந்து, வீதிக் கார்களை வென்றுவிடலாகாது. விலைக்கு வாங்கக்கூடிய காரே களத்திலும் ஓடவேண்டும் என்பது கருத்து.

ஆயினும், விதி பிறந்த இடத்திலே அதனைக் கடக்கும் வழியும் பிறந்துவிடுகின்றது. இத்தாலியின் பெராரி நிறுவனம் 1962இல் வெளியிட்ட 250 ஜீ.ரீ.ஓ. காரின் பெயரிலுள்ள ‘ஓ’ என்ற எழுத்து இந்த அங்கீகாரத்தையே குறிப்பது. விதி கேட்ட தொகை நூறு. அந்த வகையிற் செய்யப்பட்டவையோ 36. முன்னரே அங்கீகாரம் பெற்றிருந்த தன் 250 ஜீ.ரீ. காரின் திருத்திய வடிவமே இது என்று சாதித்து, பெராரி அனுமதி பெற்றுக்கொண்டது.

இதனினும் வியப்பான கதை 1994இல் நிகழ்ந்தது. பிரான்சு தேசத்து லெ மான் நகரில் ஆண்டுதோறும் இருபத்துநான்கு மணிநேரப் பந்தயம் ஒன்று நடைபெறும். அவ்வாண்டு ஜீ.ரீ. பிரிவிற்கான விதி மிகவும் தளர்ந்திருந்தது. முன்னைநாள் ஓட்டவீரரான யொகென் டவுவர் என்னும் யேர்மானியர், 1980களில் லெ மானிலே இருமுறை வெற்றி கண்ட போர்ஷே 962 என்ற பந்தயக் காருக்குத் தோலிருக்கைகளும், பொருள் வைக்கச் சிறியதோர் இடமும் அமைத்து, வீதிக் கார் ஆக்கியிருந்தார். போர்ஷே கம்பனி அதனையே ஆதாரமாகக் காட்டித் தன் பழைய பந்தயக் குதிரையை ‘வீதிக் காரின் வழித்தோன்றல்’ என்று மீண்டும் களத்தில் இறக்கியது. முதலிடத்தையும் மூன்றாம் இடத்தையும் பெற்றது! தந்தையை மகனின் பிள்ளை என்று பதிவுசெய்தது போன்ற செய்கை இது.

அடுத்த ஆண்டில் நேர்மையானதொரு வெற்றியையும் அதே களம் கண்டது. கோர்டன் மறே வகுத்த மக்லாரன் எப்-1, வீதிக்கென்றே எண்ணிச் செய்யப்பட்ட கார். சாரதி நடுவில் இருக்க, இருவர் இரு புறத்தும் சற்றுப் பின்னே அமர்வர். அதன் பந்தய வடிவம் 1995இல் மழையினூடே ஓடி, லெ மானில் முதலாவதாக வந்தது. விதியை இயற்றியோர் மனத்திற் கண்ட கார் இதுவென்றே நான் கொள்வேன்.

மக்லாரனை வெல்ல மற்றையோர் கண்ட வழி வேறு. முதலிற் பந்தயக் காரைச் செய்வது. பின் அதற்கு விளக்கும் இலக்கத் தகடும் பூட்டி வீதிக்கு விடுவது. போர்ஷே 1996இற் கொணர்ந்த 911 ஜீ.ரீ.-1 பெயரளவிலே 911. வழமையான 911இற்குப் பின்புறத்தேயுள்ள இயந்திரம் இதிலே நடுவில் இருந்தது. வீதிக்கென வந்தவை ஏறக்குறைய இருபதே. இலக்கியம் முந்தியது, இலக்கணம் பிந்தியது என்று நாம் வகுப்பிலே கற்பிக்கின்றோம். இங்கோ இலக்கணத்திற்காகவே இலக்கியம் செய்தார்கள்!

யப்பானின் ரொயோட்டா 1998இல் இன்னும் ஒருபடி சென்றது. காரில் ஒரு பயணப்பெட்டி வைக்க இடம் வேண்டும் என்றது விதி. பெற்றோல் தாங்கி வெறுமையாயிருக்கும்போது அதனுள்ளே ஒரு பெட்டி அடங்குமே என்று அவர்கள் வாதிட்டார்கள், அதிகாரிகளும் இசைந்தார்கள். அக்காரின் வீதி வடிவம் எவருக்கும் விற்கப்படவில்லை. இவ்வாதத்தைக் கேட்டு நகைக்காதிருத்தல் அரிது. ஆனால், தேர்வு வினாவின் சொல்லைப் பற்றிக்கொண்டு பொருளை விட்டுவிடும் மாணாக்கனைத் தினமும் காணும் ஆசிரியனுக்கு இஃது அத்துணைப் புதுமையன்று.

மெர்சிடிஸ் பென்ஸ் கம்பனியின் சீ.எல்.கே. ஜீ.ரீ.ஆர். 1997இலேயே பந்தயங்களில் ஓடி, அவ்வாண்டின் பட்டத்தை வென்றது. விதிப்படி விற்கவேண்டிய இருபத்தைந்து கார்களோ அப்போது வாங்குவோர் கையில் இல்லை. 1998இல் நடந்த பத்துப் பந்தயங்களிலும் மெர்சிடிஸே வென்றது. அதன்பின் எதிர்த்து நிற்க யார் முன்வருவர்? செலவும் தாங்கவொண்ணாததாயிற்று, 1999இல் அந்த உயர்பிரிவே உலக ஜீ.ரீ. போட்டியிலிருந்து எடுக்கப்பட்டது. வீதிக் கார்களைக் காப்பதற்கென எழுந்த விதியின்கீழ், வீதிக் காரொன்றும் வெல்லமுடியாத நிலை வந்து, ஈற்றிற் களமே வெறுமையாயிற்று.

ஆனால், கொடுத்த வாக்கு எஞ்சி நின்றது. பந்தயம் ஓய்ந்த பின்னரும் தொழிலாளர் அக்கார்களைச் செய்துகொண்டிருந்தனர். கூரையுள்ளவை இருபது, கூரையில்லாதவை ஆறு. ஒவ்வொன்றின் விலையும் பதினைந்து இலட்சம் டொலரளவில் இருந்தது. எந்தப் பந்தயத்திற்காக அவை செய்யப்பட்டனவோ அது நின்றுவிட்ட பின்னர், அவற்றுட் சில உரியவர்களின் கொட்டகைகளைச் சென்றடைந்தன.