செம்பனையும் காடும்

காட்டை அழிப்போர் யாவர் என வினவின், கோடரி ஏந்திய கையையே நாம் முதலிற் சுட்டுவோம். அக்கையை ஏவுவது வாணிகம். வாணிகத்தை ஏவுவது வாங்குவோரின் தேவை. ஆதலின் காடு காக்கும் கடமையில் இவ்விருவர்க்கும் பங்குண்டு. இதனைச் செம்பனையின் வரலாறு கொண்டு ஆராய்வோம்.

செம்பனை மேலை ஆப்பிரிக்காவிற்கு உரிய மரம். 1848-ஆம் ஆண்டில் அதன் நாற்றுக்கள் நான்கு, ஜாவாவிலுள்ள பொகோர் தாவரத் தோட்டத்தில் நடப்பெற்றன. இன்று உலகத்துப் பாமாயிலில் நூற்றுக்கு 80 பங்கிற்கு மேல் இந்தோனேசியாவும் மலேசியாவும் தருகின்றன. அதனை மிகுதியாக இறக்குமதி செய்யும் நாடு நம் இந்தியாவே. நியாயவிலைக் கடை எண்ணெயேயன்றி, சோப்பும் பிஸ்கட்டும் இதனாற் செய்யப்படுகின்றன.

சுமத்திராவிலும் போர்னியோவிலும் உள்ள இத்தோட்டங்களிற் பல, மழைக்காட்டை வெட்டி அமைக்கப்பெற்றவை. தழைகள் பல்லாயிரம் ஆண்டு மட்கிக் குவிந்த சதுப்பு நிலங்களை வாய்க்கால் வெட்டி வடிக்கவே, நிலமே விறகெனக் காய்ந்தது. 2015-இல் இந்தோனேசியாவில் 25 இலட்சம் ஹெக்டேருக்கு மேல் தீக்கிரையாயிற்று. புகை கடல் கடந்து சிங்கப்பூரையும் மூடிற்று.

அங்ஙனமாயின் பாமாயிலை அறவே விலக்கலாகாதோ எனின், அது பொருந்தாது. செம்பனை ஒரு ஹெக்டேரில் தரும் எண்ணெயைச் சோயா தருதற்குப் பன்மடங்கு நிலம் வேண்டும். ஒரு காட்டைக் காத்து மற்றொரு காட்டை இழப்பதாய் முடியும். அன்றியும், இந்தோனேசியத் தோட்டப் பரப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கு சிறு குடியானவர்க்கு உரியது. ஆகவே காடழியாது விளைந்த எண்ணெயைத் தேர்ந்து கொள்வதே தக்க வழி.

அதனை அறிவது எங்ஙனம்? பறித்த குலை ஓரிரு நாளில் ஆலை சேராவிடின் எண்ணெய் கெடும். ஆகவே தோட்டம் ஆலைக்கு அணித்தே இருக்கும். ஆலை இன்னதென அறிந்த வணிகர், சூழ்ந்துள்ள நிலத்தைச் செயற்கைக்கோட் படங்களில் நோக்கிக் காடு குறைந்ததா எனத் தெளியலாம். 2004-இல் தோன்றிய ஆர்.எஸ்.பி.ஓ. என்னும் மன்றம், விதிகளைப் பேணுவோர்க்குச் சான்று வழங்குகின்றது. 2013-இல் வில்மார் என்னும் பெருவாணிக நிறுவனம், காடழித்தோரிடம் கொள்வதில்லை என உறுதி கூறிற்று, பிறரும் பின்பற்றினர். இந்தோனேசிய அரசும் முதுகாடுகளிற் புதிய அனுமதியை 2011-இல் நிறுத்தி, 2019-இல் அத்தடையை நிலையாக்கிற்று. 2016-க்குப் பின் சில ஆண்டுகள் அங்கு முதுகாட்டழிவு குறைந்து வந்தது.

எனினும், கேட்டு வாங்குவோர் இன்மையால், சான்று பெற்ற எண்ணெயில் ஒரு பகுதி சான்றில்லாதது போலவே விற்கப்படுகின்றது. நியாயவிலைக் கடையில் நிற்கும் ஏழைக்குத் தேர்ந்து கொள்ளும் வசதியில்லை. ஆதலின் மொத்தமாகக் கொள்வோரே முதலில் வினவுதல் வேண்டும்: அரசும், ஆலைகளும், உணவுச்சாலைகளும், கல்லூரி விடுதிகளும். எண்ணெய் எந்நாட்டது, எவ்வாலையது என்று ஒவ்வொரு கொள்முதலிலும் கேட்பாராயின், விற்போர் விடைதேடியே தீர்வர். காடு காக்க நம்மால் இயலும் முதற்பணி இவ்வினாவேயாம்.