பழைய வண்டிக்குப் புது எஞ்சின்

அரியலூர்ச் சுற்றுவட்டாரச் சுரங்கங்களிலிருந்து சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் பழைய டிப்பர் லாரி ஒன்று, மேட்டில் இழுக்க மாட்டாமல் திணறி, நீலப்புகை கக்கி, அடிக்கடி ஆயில் ஊற்ற வேண்டிய நிலைக்கு வந்துவிட்டால், எஞ்சினை மாற்றுவதா அல்லது வண்டியையே காயலான் கடையில் போடுவதா என்ற விசாரம் அதன் சொந்தக்காரரைப் பிடித்துக்கொள்கிறது. இந்தக் கேள்விக்கு எஞ்சினிலேயே விடை தேடுவது வீண் பிரயாசை என்பது என் திடமான அபிப்பிராயம். முதலில் வண்டிக்கு அடியில் படுத்து, சேசிஸைப் பார்க்க வேண்டும். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் பிராக்கெட் சேசிஸோடு சேரும் இடத்தைக் கம்பி பிரஷால் தேய்த்து, கிரீஸும் கல்தூசியும் உதிர்ந்த பின் டார்ச் அடித்துப் பார்த்தால், மயிரிழை போன்ற விரிசலோ, என்றோ வெல்டிங் வைத்து மேலே பெயிண்ட் பூசிய தழும்போ இருந்தால் தெரிந்துவிடும். எட்டு ஆண்டுகளைக் கடந்த லாரி வருஷந்தோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்கு இதே சேசிஸோடுதான் போய்த் தீர வேண்டும். சேசிஸ் தளர்ந்துபோன வண்டியில் எவ்வளவு உயர்ந்த எஞ்சினை ஏற்றினாலும் அந்தப் பணம் திரும்பாது.

சேசிஸ் திடமாக இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். அப்போதும் எஞ்சினை மாற்றித்தான் ஆக வேண்டுமென்பதில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை தள்ளுமானால், பெரும்பாலும் பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கும். அவற்றைப் புதிதாகப் போட்டு, கிராங்க்கைக் கிரைண்டிங் மெஷினில் கடைந்து சரிசெய்தால் அதே எஞ்சின் நெடுநாள் உழைக்கும். பிளாக் வெடித்திருந்தாலோ, கிராங்க் இனிக் கடைய இடமில்லாமல் தேய்ந்திருந்தாலோதான் முழு எஞ்சினைப் பற்றிய யோசனை அவசியமாகிறது. அப்போதும், அது ஏன் கெட்டது என்று கண்டறியாமல் அடுத்ததை ஏற்றலாகாது. ஏர் ஃபில்டரிலிருந்து வரும் ரப்பர் ஹோஸில் சிறு கிழிசல் இருந்தால் போதும், சுரங்கத் தூசி உள்ளே புகுந்து லைனரை அரம்போல் ராவிவிடும். அந்த ஹோஸையே திரும்ப மாட்டினால் புது எஞ்சினுக்கும் அதே கதிதான்.

பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும் பயிரிடும் விவசாயியின் டிராக்டர் விஷயம் வேறு. பெரும்பாலான டிராக்டர்களுக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. எஞ்சினும் கியர்பெட்டியும் பின் ஆக்சிலும் ஒன்றோடொன்று போல்ட்டால் பிணைந்து தாமே உடலாக நிற்கின்றன. சொந்த நிலத்தை மட்டும் உழுது ஆண்டில் பல நாள் கொட்டகையில் நிற்கும் அவ்வண்டிக்கு, கியர்பெட்டி நன்றாயிருந்தால், எஞ்சினைப் பழுதுபார்ப்பது பெரும்பாலும் லாபமே. லாரிக்கோ பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வாடகை நஷ்டம்; ஆகவே செலவை வண்டியின் சந்தை விலையோடு மட்டும் ஒப்பிடாமல், இனி அது ஓடப்போகும் ஆண்டுகளில் சம்பாதிக்கக்கூடியதோடு ஒப்பிட வேண்டும்.

முழு எஞ்சினையே மாற்றுவதென்று முடிவானால், பழைய எஞ்சின் வாங்குகிறவர்கள் விற்பவரிடம் பில் கேட்டு வாங்காமல் பணம் கொடுக்கக் கூடாது. ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் எண் பதிவாகியிருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. ஆகையால் எஞ்சினை இறக்குமுன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்து அனுமதி பெற்று, வேலை முடிந்ததும் பிளாக்கில் வெட்டியிருக்கும் புதிய எண்ணை ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்வது, விபத்து நேர்ந்து இன்ஷூரன்ஸ் கேட்கும் நாளில் அலைச்சலைத் தவிர்க்கும்.