சீதக்காதி என்னும் பெயர்

இராமநாதபுரத்திற்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவின் கரையில், கீழக்கரை என்னும் பழைய துறைமுகப் பட்டினம் உள்ளது. முத்துக்கும் சங்குக்கும் பெயர் பெற்ற கடல் அதன் முன்னே விரிந்து கிடக்கிறது. அவ்வூரில் கல்லாற் கட்டப்பெற்ற பழம்பெரும் பள்ளிவாசல் ஒன்று உண்டு. அதன் தூண்களைக் காண்போர், பாண்டி நாட்டு மண்டபம் ஒன்றில் நிற்பதாகவே எண்ணுவர். அப்பள்ளிவாசலின் எல்லைக்குள் ஒரு வள்ளல் அடங்கியிருக்கிறார். அவரைத் தமிழகம் சீதக்காதி என்று அறியும். 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்னும் பழமொழியைக் கேளாத தமிழர் மிகச் சிலரே ஆவர்.

ஆயினும், இதில் ஒரு வியப்பு உண்டு. இத்துணைப் புகழ் வாய்ந்த அப்பெயரைத் தம் மகனுக்கு இட்டு வழங்குவோர் அரியர். பாரி, குமணன், கர்ணன் முதலிய கொடையாளர் பெயர்களைத் தாங்கிய மாணவர் உங்கள் வகுப்பிலேயே இருத்தல் கூடும். சீதக்காதி என்னும் பெயருடைய மாணவரைக் காண்டல் எளிதன்று. எல்லோர் நாவிலும் வழங்கும் பெயர், பள்ளியின் வருகைப் பதிவேட்டில் மட்டும் அரிதாய்ப் போனது ஏன்? அப்பெயர் எங்கிருந்து வந்தது? அதன் பொருள் யாது? இவற்றை இப்பாடத்தில் ஆராய்வோம்.

சீதக்காதி என்று கேட்ட அளவில், அஃது இந்நாட்டிலேயே தோன்றிய சொல் எனச் சிலர் கருதல் கூடும். சீதம் என்பது குளிர்ச்சியைக் குறிக்கும். ஆதலால் குளிர்ந்த நெஞ்சம் உடையவர் என்று பொருள் உரைக்கவும் தோன்றும். அவ்வள்ளலின் இயல்புக்கு அப்பொருள் பொருந்துவதே. ஆனால் அப்பெயரின் பிறப்பிடம் அதுவன்று. அரபு நாட்டிலிருந்து கடல் கடந்து வந்த 'செய்கு அப்துல் காதிர்' என்னும் பெயரே தமிழர் நாவிற் பயின்று சீதக்காதி ஆயிற்று என்பது அறிஞர் கருத்து.

இப்பெயரை உறுப்புறுப்பாகப் பிரித்துக் காண்போம். செய்கு என்பது பெரியார், மூத்தோர், ஆசான் எனப் பொருள்படும் சிறப்புச் சொல். அப்து என்றால் அடியான் என்பது பொருள். காதிர் என்பது ஆற்றல் மிக்கோன் எனப் பொருள் தரும். இறைவனுக்கு உரியனவாக இசுலாமியர் போற்றும் திருப்பெயர்களுள் அஃதும் ஒன்று. இடையில் நிற்கும் 'அல்' என்பது அரபு மொழியில் பெயருக்கு முன் வரும் ஓர் இடைச்சொல். ஆகவே அப்துல் காதிர் என்பதற்கு 'எல்லாம் வல்லவனின் அடியான்' என்பது பொருளாகும். அப்துல் என்பது தனித்து நின்று பொருள் முடியாது என்பதையும் இங்கே அறிதல் நலம். எவருடைய அடியான் என்பதை அடுத்து வரும் சொல்லே உணர்த்தும். எனவே அப்பெயருடைய நண்பரை அப்துல் என்று மட்டும் அழைப்பது, சொற்றொடரைப் பாதியில் நிறுத்துவது போன்றதே.

இனி, இந்நெடும்பெயர் எவ்வாறு சுருங்கிற்று என்பதைப் பார்ப்போம். செய்கு என்பதன் முதலில் நின்ற ஒலி 'சீ' ஆயிற்று. அப்து என்பதிலிருந்து தகரம் எஞ்சியது. காதிர் என்பது ஈற்று ரகரத்தை இழந்து 'காதி' என நின்றது. 'துல்கா' என்று லகரமும் ககரமும் அடுத்து வந்த இடத்தில், நாவுக்கு எளிதாக லகரம் மறைந்து ககரம் இரட்டித்தது. இவ்வாறு பல ஒலிகள் தேய்ந்தும், ச, த, க, த என்னும் நான்கு மெய்யொலிகளும் தம் வரிசை மாறாமல் நிற்கின்றன. மாணவர்கள் மூலப்பெயரையும் தமிழ் வடிவத்தையும் மெல்ல மெல்லச் சொல்லிப் பார்ப்பின், ஒன்று மற்றொன்றாய் மாறிய நெறி தாமே விளங்கும்.

பிறமொழிப் பெயரை இவ்வாறு மாற்றுதல் அதனைச் சிதைப்பது ஆகாதோ என்று சிலர் வினவலாம். ஆகாது. வேற்று மொழிச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளுதல் நம் மொழியின் தொன்மையான மரபு. வடசொற்களைத் தமிழ் எழுத்துகளால் அமைத்து வழங்கும் நெறியைத் தொல்காப்பியம் குறிப்பிடுகின்றது. 13-ஆம் நூற்றாண்டில் எழுந்த நன்னூல் அதனை விரித்துக் கூறுகின்றது. ரகரம் தமிழ்ச் சொல்லின் முதலில் வாராது. ஆதலால் இராமநாதபுரம், இராமேசுவரம் என இகரத்தை முன்னிட்டு எழுதுகிறோம். இலட்சுமணனைக் கம்பர் இலக்குவன் ஆக்கினார். தனுக்கோடிக்கு அருகில் இராமனிடம் அடைக்கலம் புகுந்தவனாகக் கூறப்பெறும் விபீடணனை வீடணன் ஆக்கினார். இலக்குவனும் வீடணனும் பெற்ற அதே தமிழ்க் கோலத்தையே, அரபு நாட்டிலிருந்து வந்த அப்துல் காதிரும் பெற்றார். விருந்தினர்க்கு நம் வீட்டு ஆடையை அளித்து, நம்முள் ஒருவராக அமரச் செய்வது போன்றது இது.

அப்துல் காதிர் என்னும் பெயர் உலகெங்கும் பரவியதற்குப் பாக்தாது நகரில் வாழ்ந்து 1166-ஆம் ஆண்டில் மறைந்த அப்துல் காதிர் சீலானி என்னும் ஞானியின் புகழ் பெருங்காரணமாகும். முகியித்தீன் ஆண்டவர் என்று தமிழ் முசுலிம்கள் போற்றுபவர் இவரே. 16-ஆம் நூற்றாண்டில் நாகூரில் வாழ்ந்த பெரியாராகிய சாகுல் அமீது அவர்களின் முழுப்பெயரிலும் அப்துல் காதிர் என்பது உண்டு. இவ்விருவர்பாலும் கொண்ட அன்பினால், சோழமண்டலக் கரை முதல் பாண்டிநாட்டுக் கரை வரை, அப்துல் காதர், காதர் முகைதீன், காதர் மீரான் எனப் பிள்ளைகட்குப் பெயரிடும் வழக்கம் வேரூன்றியது. அல்சீரியா நாட்டு மக்கள் இதே பெயரை அப்தெல்காதர் என்று ஒலிக்கின்றனர். பிரெஞ்சுப் படைகளை எதிர்த்துப் போரிட்டு, 1883-ஆம் ஆண்டில் மறைந்த அந்நாட்டுத் தலைவரின் பெயரும் அதுவே. ஒவ்வொரு நாடும் தன் நாவுக்கு ஏற்ப ஒலிக்கின்றது, பொருள் ஒன்றே. இங்ஙனம் பார்த்தால், சீதக்காதி என்னும் வடிவம் அரிது. அதன் மூலமோ மிகப் பெருவழக்கினது.

இனி அப்பெயரைத் தாங்கிய வள்ளலின் வரலாற்றைச் சிறிது காண்போம். அவர் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கீழக்கரையில் சிறந்து விளங்கிய பெருவணிகர். மரக்கலங்கள் பல உடையவர். கடல் வாணிகத்தில் ஈடுபட்டிருந்த ஒல்லாந்தரின் ஆவணங்களிலும் அவரைப் பற்றிய குறிப்புகள் உள்ளன. ஆனால் அவற்றில் காணப்படும் பெயர் பெரியதம்பி மரைக்காயர் என்பதாகும். அக்காலத்தில் இராமநாதபுரத்தை ஆண்டவர் கிழவன் சேதுபதி என்று புகழ்பெற்ற இரகுநாத சேதுபதி. 1710-ஆம் ஆண்டில் மறைந்த அம்மன்னர், போகலூரில் இருந்த தலைநகரை இராமநாதபுரத்திற்கு மாற்றியவர். அவர் தம் நண்பராகிய சீதக்காதியைப் பெரிதும் மதித்து, 'விசயரகுநாத' என்னும் தம் குடிக்குரிய பட்டத்தையே அவருக்கு வழங்கினார். எனவே அவர் விசயரகுநாத பெரியதம்பி மரைக்காயர் எனவும் அழைக்கப்பெற்றார்.

மாணவர்களே, இப்பெயர்களைச் சற்று உற்று நோக்குங்கள். செய்கு அப்துல் காதிர் என்பது அரபு. பெரியதம்பி என்பது தமிழ். விசயரகுநாத என்பது வடமொழி. மரைக்காயர் என்பதோ மரக்கலத்தோடு தொடர்புடையது என்று அறிஞர் பலர் கருதுவர். பெற்றோர் இட்ட பெயர் ஒன்று. உறவு சொல்லி ஊரார் அழைத்த பெயர் ஒன்று. அரசர் அளித்த பெயர் ஒன்று. தொழிலால் வந்த பெயர் ஒன்று. சேதுக் கரையில் வாழ்ந்த மக்கள் சமய வேற்றுமை கருதாமல் கூடி வாழ்ந்த வரலாறு, ஒரு மனிதரின் பெயரிலேயே எழுதப்பட்டிருக்கின்றது. இன்றும் இராமநாதபுரத்து விளையாட்டரங்கம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கம் என்று வழங்குகின்றது. நண்பர் இருவரும் பெயரளவில் இன்னும் பிரியவில்லை.

இத்தனை பெயர்களுள் புலவர் நாவில் நிலைத்தது சீதக்காதி என்பதே. தொண்டை மண்டல சதகம் பாடிய படிக்காசுப் புலவர் சைவர். அவர் நெடுந்தொலைவு நடந்து வந்து இவ்வள்ளலைப் பாடிப் பரிசில் பெற்றார். சீதக்காதியைத் தலைவராகக் கொண்டு நொண்டி நாடகம் ஒன்றும் எழுந்தது. வள்ளல் மறைந்த செய்தி அறியாது வந்த புலவர் அடக்கத்தலத்தில் நின்று கதறியதாகவும், மண்ணிலிருந்து மோதிரம் அணிந்த கை வெளிப்பட்டதாகவும் ஒரு கதை வழங்குகின்றது. பழமொழிக்குக் காரணமாக அக்கதையையே பலரும் கூறுவர்.

அக்கதையை அவ்வாறே கொள்ள இயலாதவர்க்கும், அப்பழமொழியை மெய்யென்று கொள்ளத்தக்க சான்று ஒன்று உண்டு. நபிகள் நாயகத்தின் வரலாற்றைத் தமிழிற் காப்பியமாகப் பாடுமாறு உமறுப்புலவரை ஊக்கியவர் சீதக்காதி. கீழக்கரையில் வாழ்ந்த பேரறிஞர் சதக்கத்துல்லா அப்பாவை அணுகிப் புலவர் அவ்வரலாற்றைக் கேட்டறிய முயன்றதாகக் கூறுவர். நூல் முடிவதற்கு முன்னரே வள்ளல் மறைந்தார். பின்னர்ப் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயரின் ஆதரவால் பணி தொடர்ந்தது. 5000-க்கு மேற்பட்ட செய்யுட்களையுடைய சீறாப்புராணம் தமிழுக்குக் கிடைத்தது. விதைத்தவர் சென்றபின் விளைந்த கதிர் அது. இறந்த பின்னும் ஒருவர் கொடுத்தல் கூடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அவ்வறிஞரின் பெயரையும் இங்கே கருதலாம். சதக்கத்துல்லா என்பதற்கு 'இறைவனின் அறக்கொடை' என்பது பொருள். கீழக்கரைப் பக்கத்தில் இன்றும் வழங்கும் சதக் என்னும் பெயரும் அறக்கொடையைக் குறிக்கும் அதே சொல்லிலிருந்து வந்ததே. கொடை என்னும் பொருளைப் பெயரில் உடையவர் கல்வியாற் புகழ் பெற்றார். அடியான் என்னும் பொருளைப் பெயரில் உடையவர் கொடையாற் புகழ் பெற்றார். இன்று சீதக்காதி என்று சொன்னால், 'வல்லவனின் அடியான்' என்னும் மூலப்பொருள் எவர் நினைவிற்கும் வருவதில்லை. வள்ளல் என்னும் பொருளே முன்வந்து நிற்கின்றது. அகராதி தந்த பொருளை ஒருவருடைய வாழ்க்கை மாற்றிவிட்டது.

தொடக்கத்தில் எழுந்த வினாவிற்கு இப்பொழுது விடை கூறலாம். பெயர்கள் ஏட்டிலும் சான்றிதழிலும் எழுத்தால் உறுதிப்பட்டபின், வாய்வழக்கில் தேய்ந்து உருவாகும் வடிவங்கள் குறைந்தன. செய்கு அப்துல் காதர் என்று பதிவான சிறுவன், இறுதிவரை அவ்வாறே இருக்கிறான். இஃது ஒரு காரணம். ஒருவருக்கே உரியதாகிவிட்ட பெயர் ஏறக்குறையப் பட்டம் போல் ஆகிவிடுகின்றது. அதனை எளிதில் எடுத்துச் சூட மனம் கூசும். இஃது இன்னொரு காரணம் எனலாம். பிள்ளைகட்கு இடாவிடினும், மக்கள் அப்பெயரை விட்டுவிடவில்லை. கல்விப்பணி புரியும் அறக்கட்டளை ஒன்று அப்பெயரைக் கொண்டுள்ளது. 2018-ஆம் ஆண்டில் வெளிவந்த திரைப்படம் ஒன்றும் அப்பெயரையே தாங்கிற்று. யாரேனும் ஒருவர் மறைந்தபின் அவர் செய்த உதவி பயன் தருமாயின், ஊரார் உடனே சீதக்காதியை நினைக்கின்றனர்.

நம் பெயரை நாம் தேர்ந்துகொள்வதில்லை. பிறர் இட, நாம் ஏற்கிறோம். அப்பெயரைக் கேட்பவர் நெஞ்சில் எப்பொருள் தோன்ற வேண்டும் என்பது நம் செயலைப் பொறுத்தது. கடல் கடந்து வந்த ஒரு பெயர், கீழக்கரை வணிகர் ஒருவரின் கைவண்ணத்தால் தமிழ்ச் சொல்லாயிற்று. தமிழ்ப் பழமொழியும் ஆயிற்று. உங்கள் வகுப்பில் காதர் என்னும் நண்பர் இருப்பின், அவர் பெயரை அடுத்த முறை அழைக்கும்பொழுது இவ்வரலாற்றை நினைவு கூருங்கள்.