பொறியாளர் டு ‘ப்ராஜெக்ட் மேனேஜர்’: பதவி உயர்வா, வேறு வேலையா?

காஞ்சிபுரம் ஓரிக்கையிலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்குப் போய்வரும் பொறியாளர்களுக்கு ஏழெட்டு வருட அனுபவம் சேர்ந்ததும் ஒரு கேள்வி வந்துவிடும். ‘டெக்னிக்கல்லயே இருக்கறதா, ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் பக்கம் போயிடலாமா?’ போனால் சம்பளம் கூடலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். வேலையே வேறாகிவிடும் என்பதுதான் பலருக்கும் பிறகு தெரிகிறது.

பட்டுத் தறி இருக்கும் வீட்டில் இதை விளக்குவது சுலபம். தானே நெய்துகொண்டிருந்தவர், நாலு தறிக்கு வேலை கொடுப்பவராக மாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பட்டு நூல் என்ன விலை, ஜரிகை எப்போது வரும், எந்தத் தறியில் பாவு தீர்கிறது, முகூர்த்தச் சேலை தேதிக்குள் தயாராகுமா என்பதிலேயே அவர் நாள் போய்விடும். கோர்வையில் பிசகு கண்ணில் பட்டாலும், நெய்பவரை எழுப்பிவிட்டுத் தான் உட்கார முடியாது. உட்கார்ந்தால் மற்ற மூன்று தறிகளை யார் பார்ப்பது?

பொறியாளருக்கும் இதே சிக்கல்தான். ‘குடுங்க, நானே முடிச்சிடறேன்’ என்று வேலையை வாங்கிக்கொள்ளும் பழக்கம் லேசில் போகாது. நல்ல பொறியாளர்களே இதில் அதிகம் தடுமாறுகிறார்கள்.

இந்த நாற்காலியின் கனத்தைப் புரிந்துகொள்ள இஸ்ரோவின் எஸ்.எல்.வி.-3 கதை உதவும். ராக்கெட் பொறியாளரான அப்துல் கலாம் அதன் திட்ட இயக்குநராக இருந்தார். 1979 ஆகஸ்ட் 10. ஏவுவதற்குச் சற்று முன், கோளாறு இருப்பதாகச் சொல்லிக் கணினி கவுன்ட் டவுனை நிறுத்தியது. சமாளித்துவிடலாம் என்றனர் நிபுணர்கள். கலாம் ஏவச் சொன்னார். இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாடு போய், ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பொறியாளராக மட்டும் இருந்தால் ‘என் பகுதி சரியா இருக்கு’ அல்லது ‘இன்னும் ரெடி ஆகலை’ என்று சொல்லி நகர்ந்துவிடலாம். திட்ட இயக்குநருக்கு அந்த வசதி இல்லை. அரைகுறைத் தகவலை வைத்துக்கொண்டு, குறித்த நேரத்துக்குள், ஆமாம் அல்லது இல்லை என்று சொல்லியாக வேண்டும். அன்று செய்தியாளர்கள் முன் நின்று பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18-ல் ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் சேர்ந்ததும், செய்தியாளர்களைச் சந்திக்கக் கலாமை அனுப்பினார். கலாம் இதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

தயக்கமும் இயல்புதான். 2019 ஜூலை 22-ல் ஏவப்பட்ட சந்திரயான்-2-ன் திட்ட இயக்குநர், சென்னையைச் சேர்ந்த மு.வனிதா. மின்னணுப் பொறியாளரான அவரும் இந்தப் பொறுப்பை ஏற்க முதலில் தயங்கினார்.

சரி, மாற நினைப்பவர் எங்கே தொடங்கலாம்? பலரும் சான்றிதழைத் தேடித்தான் முதலில் ஓடுகிறார்கள். 1969-ல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் பி.எம்.ஐ. அமைப்பு நடத்தும் பி.எம்.பி. தேர்வுதான் இதில் பிரபலம். ஆனால் நான்காண்டுப் பட்டம் பெற்றவர்கள்கூட, திட்டங்களை வழிநடத்திய 36 மாத அனுபவத்தையும் 35 மணி நேரப் பயிற்சியையும் காட்ட வேண்டும். புதியவர்களுக்கு, அனுபவம் கேட்காத சி.ஏ.பி.எம். தேர்வு இருக்கிறது.

அதற்கும் முன்னால், இருக்கும் இடத்திலேயே ஒரு சின்ன வேலையைக் கேட்டு வாங்கலாம். ஒரு மெஷினை இடம் மாற்றுவது, ஒரு சப்ளையரைச் சேர்ப்பது போன்றவை போதும். மூன்று துறை ஆட்களிடம் தேதி வாங்கி, செலவுக் கணக்கு எழுதி, ‘இன்னும் மூணு நாள் ஆகும் சார்’ என்பதை மேலே போய்ச் சொல்லிப் பார்க்க வேண்டும். அந்த மூன்று நாள் தாமதம் தன்னுடையதாக இருக்காது. திட்டு மட்டும் தனக்குத்தான். அது தாங்குகிறதா என்பது இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும்.

தாங்கவில்லை என்றால் அது தோல்வி இல்லை. பெரிய நிறுவனங்கள் பலவற்றில் ‘பிரின்சிபல் இன்ஜினியர்’ போல, ஆட்களை நிர்வகிக்காமலே உயரும் பாதையும் உண்டு. மனிதவளப் பிரிவில் அதையும் சேர்த்துக் கேட்டுவிடுவது நல்லது.