பழைய 12 போர் பம்ப் ஆக்சன் துப்பாக்கி: அடையாளம், காலம், மாற்றம்

பம்ப் ஆக்சன் துப்பாக்கி என்பது குழலுக்குக் கீழே உள்ள முன்கட்டையைப் பின்னுக்கு இழுத்து, மீண்டும் முன்னுக்குத் தள்ளுவதன் மூலம் சுட்ட தோட்டாவின் கூட்டை வெளியேற்றி அடுத்த தோட்டாவை ஏற்றும் வகைத் துப்பாக்கி ஆகும். இது ஒவ்வொரு முறையும் கையால் இயக்கப்படுவதால் தானியங்கித் துப்பாக்கிகளில் சேராது. இதன் குழல் உட்புறம் வழுவழுப்பாக இருக்கும். ஒரே தோட்டாவிலிருந்து பல சிறு ரவைகள் சிதறிச் செல்லும். இந்தியாவில் உரிமம் பெற்றுத் தனியாரும் வங்கிகளின் காவலர்களும் வைத்திருக்கும் நீளத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை 12 போர் அளவைச் சேர்ந்தவை. அவற்றுள் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் வகைகளே மிகுதி. பம்ப் ஆக்சன் குறைவு.

சென்னையின் மேற்குப் பகுதிகளான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய இடங்களில் இத்தகைய துப்பாக்கி பெரும்பாலும் மரபுரிமையாகவோ பழைய பொருளாகவோதான் ஒருவர் கைக்கு வருகிறது. அப்போது மூன்று கேள்விகள் எழுகின்றன: இது எந்தத் துப்பாக்கி? எப்போது செய்யப்பட்டது? இதில் எதை மாற்றலாம்? மூன்றாம் கேள்விக்குத் தவறான விடை கண்டால் சிறைத் தண்டனை வரை செல்லக்கூடும்.

முதலில் செய்ய வேண்டியது

எந்தப் பழைய துப்பாக்கியையும் தோட்டா உள்ளதாகவே கருத வேண்டும். குழலின் வாயை ஆளில்லாத பக்கம் வைத்து, விசையில் விரல் படாமல், முன்கட்டையைப் பின்னுக்கு இழுத்துத் தோட்டா அறையையும், குழலின் கீழுள்ள தோட்டாக் குழாயையும் கண்ணாலும் விரலாலும் சோதிக்க வேண்டும். இதில் பழக்கமில்லாதவர் உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகரிடம் இதை விட்டுவிடுவது நல்லது. வின்செஸ்டர் 1897, வின்செஸ்டர் 12 ஆகிய பழைய மாதிரிகளில், விசையை அழுத்தியபடியே முன்கட்டையைத் தள்ளினால் அது மூடியவுடன் வெடித்துவிடும். பிற்கால மாதிரிகள் பலவற்றில் இந்த நிலையைத் தடுக்கும் அமைப்பு உண்டு. ஆகவே மாதிரியை அறிவது பாதுகாப்புக்கும் தேவை.

மாதிரியை அடையாளம் காணுதல்

பெயர் தேய்ந்துபோயிருந்தாலும் சில உறுப்புகள் மாதிரியைக் காட்டிக்கொடுக்கும்.

வின்செஸ்டர் 1897: ஜான் பிரௌனிங் வடிவமைத்தது. பின்புறத்தில் வெளியே தெரியும் சுத்தியல் இதன் அடையாளம். 1957 வரை செய்யப்பட்டது.

வின்செஸ்டர் 12: 1912இல் வந்தது, சுத்தியல் உள்ளே மறைந்திருக்கும். வழக்கமான உற்பத்தி 1964இல் நின்றது.

இதாகா 37: 1937இல் வந்தது. பக்கவாட்டில் திறப்பு இருக்காது; தோட்டா ஏறுவதும் கூடு விழுவதும் அடிப்பக்கத்தின் வழியே.

ரெமிங்டன் 870: 1950இல் வந்தது. நடு உடல் எஃகால் ஆனது. பாதுகாப்புப் பொத்தான் விசைக் காப்புக்குப் பின்புறத்தில் குறுக்காகத் தள்ளும்படி இருக்கும். ஒரு கோடிக்கும் மேல் விற்ற மாதிரி இது.

மாஸ்பெர்க் 500: 1960களின் தொடக்கத்தில் வந்தது. நடு உடல் அலுமினியக் கலவையால் ஆனதால் காந்தம் ஒட்டாது. பாதுகாப்புப் பொத்தான் மேற்பக்கத்தில், கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் இருக்கும்.

இந்தியாவிலும் அரசுப் படைக்கலத் தொழிற்சாலைகள் 12 போர் பம்ப் ஆக்சன் துப்பாக்கிகளைச் செய்துள்ளன. ஆவடி என்றதும் பலர் அங்குள்ள தொழிற்சாலைகளை நினைப்பர். ஆனால் ஆவடியில் இருப்பவை பீரங்கி வண்டிகள், அவற்றின் இயந்திரங்கள், படைவீரர் உடைகள் ஆகியவற்றைச் செய்பவை. தமிழ்நாட்டில் துப்பாக்கி செய்யும் அரசுத் தொழிற்சாலை 1966இல் தொடங்கப்பட்ட திருச்சிராப்பள்ளி படைக்கலத் தொழிற்சாலை ஆகும். 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. எனவே விற்பனைச் சீட்டில் புதிய நிறுவனத்தின் பெயர் இருந்தால் அது அந்நாளுக்குப் பிந்தையது.

குழலில் உள்ள பெயர் எப்போதும் செய்தவர் பெயராக இருக்காது. கல்கத்தாவின் ரோடா, மேண்டன், சென்னையின் ஓக்ஸ் போன்ற பெயர்கள் பொறித்த பழைய துப்பாக்கிகள் பல உண்டு. இந்நிறுவனங்கள் பெரும்பாலும் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் செய்தவற்றைத் தம் பெயரில் விற்றன.

காலத்தைக் கணித்தல்

காலத்தைக் கூறும் சான்றுகள் மூன்று: தொடர் எண், குழல் முத்திரை, உரிம ஏடு. இவை மூன்றும் ஒன்றையொன்று ஒத்துவர வேண்டும்.

தொடர் எண். வின்செஸ்டர் போன்ற நிறுவனங்களின் தொடர் எண்களை ஆண்டுவாரியாகக் காட்டும் பட்டியல்கள் உள்ளன. அமெரிக்காவில் எல்லாத் துப்பாக்கிகளுக்கும் தொடர் எண் கட்டாயமானது 1968ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். ஆகவே அதற்கு முந்தைய மலிவான துப்பாக்கிகள் சிலவற்றில் எண்ணே இராது.

குழல் முத்திரை. ரெமிங்டன் குழலின் இடப்பக்கத்தில், நடு உடலை ஒட்டி, சிறு எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எழுத்து மாதத்தைக் குறிக்கும். ஆங்கிலத்தில் 'பிளாக்பவுடர்எக்ஸ்' என எழுதும்போது வரும் 12 எழுத்துகள் வரிசையாக ஜனவரி முதல் டிசம்பர் வரை நிற்கின்றன. அடுத்த எழுத்து ஆண்டுக்கு உரியது. ஆனால் இந்த முத்திரை குழல் செய்யப்பட்ட காலத்தையே கூறுகிறது. இவ்வகைத் துப்பாக்கியில் குழலைக் கழற்றி வேறு குழல் பொருத்த முடியும் என்பதால், குழலின் வயதும் உடலின் வயதும் வேறுபடலாம்.

பிரிட்டிஷ் துப்பாக்கிகளில் சோதனைக்கூட முத்திரைகள் உதவும். லண்டன், பர்மிங்காம் சோதனைக்கூடங்கள் ஒவ்வொரு குழலையும் மிகை அழுத்தத்தில் வெடித்துப் பார்த்து முத்திரையிட்டன. 'குண்டுக்கு அன்று' என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அது 1875க்கும் 1887க்கும் இடைப்பட்டது. அழுத்த அளவு 'டன்' கணக்கில் பொறிக்கப்பட்டிருந்தால் 1954ஆம் ஆண்டு விதிகளுக்குப் பிந்தையது. இந்தியாவில் தனியார் இறக்குமதி 1980களின் நடுவில் ஏறத்தாழ நிறுத்தப்பட்டது. ஆகவே குடும்பங்களில் உள்ள வெளிநாட்டுத் துப்பாக்கிகள் பெரும்பாலும் அதற்கு முன் வந்தவை.

உரிம ஏடு. துப்பாக்கி இப்பகுதிக்கு எப்போது வந்தது என்பதை வழங்கிய அலுவலகத்தின் முத்திரை காட்டும். 1997 வரை இவ்வூர்கள் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தன; அதன் கடைசிக் காலப் பெயர் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். பின் திருவள்ளூர் மாவட்டம் உருவானது. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. 2022 ஜனவரியில் ஆவடி காவல் ஆணையரகம் தொடங்கப்பட்டு, மூன்று ஊர்களும் அதன்கீழ் வந்தன. காவல் ஆணையரகம் உள்ள இடங்களில் உரிமம் வழங்கும் அதிகாரம் ஆணையருக்கும், மற்ற இடங்களில் மாவட்ட ஆட்சியருக்கும் உண்டு.

தோட்டா அறையின் நீளம்

12 போர் என்பது குழலின் விட்டத்தைக் குறிக்கிறது. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ அதுவே இந்த அளவு, ஏறத்தாழ 18.5 மி.மீ. ஆனால் எல்லா 12 போர் தோட்டாவும் எல்லா 12 போர் துப்பாக்கிக்கும் பொருந்தாது. தோட்டா அறை இரண்டரை, இரண்டே முக்கால், மூன்று அங்குலம் என வேறுபடும். நீளமான தோட்டா குட்டையான அறையினுள் எளிதாக நுழைந்துவிடும். காரணம், அதன் மடித்த வாய் சுடும்போதுதான் விரிகிறது. அப்போது விரிய இடமின்றி அழுத்தம் அபாய அளவுக்கு ஏறும். கரும்பொடிக் காலத்து முறுக்குக் கம்பிக் குழல்களில் இன்றைய தோட்டாவைப் பயன்படுத்தவே கூடாது. 20 போர் தோட்டா தவறி 12 போர் குழலில் விழுந்தால் உள்ளே சிக்கி நிற்கும். அதன்பின் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். இதற்காகவே 20 போர் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்கின்றனர்.

எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது

பின்கட்டையின் நீளத்தைத் தோளுக்கு ஏற்பச் சரிசெய்தல், உதைப்பைத் தாங்கும் ரப்பர் அட்டை பொருத்துதல், தோள்வார் கட்டுதல், குறிமணியை மாற்றுதல், விரிசல் விட்ட மரத்தைப் புதுப்பித்தல் ஆகியவை துப்பாக்கியின் வகையை மாற்றுவதில்லை. இயங்கும் உறுப்புகளைப் பழுதுபார்ப்பது படைக்கலச் சட்டம் 1959இன் 5ஆம் பிரிவின்கீழ் உரிமம் பெற்றவரின் வேலை. தனியாக வாங்கும் குழலும் சட்டப்படி படைக்கலத்தின் பகுதியே. அதை உதிரிப் பொருள்போல வாங்க இயலாது.

குழலைக் குட்டையாக்குவதை 6ஆம் பிரிவு உரிமமின்றித் தடுக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் இதற்குக் குறைந்தது 7 ஆண்டுச் சிறை. ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம். மேலும், 2016ஆம் ஆண்டு விதிகளின்படி 20 அங்குலத்துக்குக் குறைந்த குழலுடைய வழுவழுப்புக் குழல் துப்பாக்கி கட்டுப்படுத்தப்பட்ட வகையில் அடங்கும். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தில் எல்லை 18 அங்குலம். இணையக் காணொளிகளில் இயல்பாகக் காட்டப்படும் பதினெட்டரை அங்குலக் குழல் இங்கே கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது என்பதைப் பலர் அறிவதில்லை.

துருவை நீக்கி மெருகேற்றுவதிலும் கவனம் தேவை. அழுத்தித் தேய்த்தால் தொடர் எண் அழிந்துவிடும். 8ஆம் பிரிவு அடையாளக் குறியை அழிப்பதையும், குறியற்ற துப்பாக்கியை விற்பதையும் தடுக்கிறது. குறி அழிந்த துப்பாக்கி யாரிடம் இருக்கிறதோ அவரே அழித்தார் எனச் சட்டம் ஊகிக்கும். அல்ல என்று மெய்ப்பிப்பது அவர் பொறுப்பு. தேய்மானத்தால் எண் மங்கினாலும் உரிம அதிகாரியிடம் தெரிவிப்பதே வழி.

மரபுரிமையும் விற்பனையும்

உரிமம் ஆளுக்கு உரியது. துப்பாக்கியோடு சேர்ந்து வாரிசுக்குப் போகாது. உரிமதாரர் இறந்தால் குடும்பத்தார் காலம் தாழ்த்தாமல் துப்பாக்கியை அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். பின் தகுதியுள்ள வாரிசு தம் பெயரில் உரிமம் கோரலாம். உரிமதாரர் 70 வயதை அடைந்தாலோ, 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற 2016ஆம் ஆண்டு விதிகள் இடம் தருகின்றன. உரிமமின்றி வீட்டில் வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டுச் சிறை. தனியார் ஒருவர் உரிமமுள்ள மற்றொருவருக்கு விற்கும்போது அதிகாரிகளுக்கு எழுத்து மூலம் தெரிவித்து 45 நாட்கள் கழிந்த பின்னரே ஒப்படைக்கலாம். ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் 2019 முதல் இரண்டாகக் குறைக்கப்பட்டன. உரிமக் காலம் 5 ஆண்டுகளானது.

எவ்வகையிலும் சுட முடியாத, பழுது பார்த்தாலும் பயன்படாத பழம்பொருளுக்கு 45ஆம் பிரிவு விலக்களிக்கிறது. ஆனால் "இது வெறும் பழசு" என்று உரிமையாளரே முடிவு செய்துகொள்ள முடியாது. எனவே மாதிரி, தொடர் எண், தோட்டா அறை நீளம், குழல் நீளம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் குறித்து, உரிம ஏட்டோடு ஒப்பிட்ட பிறகே வாங்குவதையும் பழுதுபார்ப்பதையும் பற்றி யோசிக்க வேண்டும்.