பயத்தை அழித்தது யார் கணக்கு?

விரல்களில் இரண்டு மின்முனைகளை ஒட்டி, திரையில் ஒரு வண்ணச் சதுரத்தைக் காட்டுகிறார்கள். சில தடவை அதோடு சேர்ந்து மணிக்கட்டில் சுருக்கென்று மின்னதிர்ச்சி. எவ்வளவு அதிர்ச்சி என்பதை உட்கார்ந்திருப்பவரே முன்கூட்டித் தீர்மானிக்கிறார்: தொந்தரவாக இருக்க வேண்டும், வலிக்கக் கூடாது. கொஞ்ச நேரத்தில் வெறும் சதுரத்தைக் கண்டாலே உள்ளங்கை வியர்க்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஈரத்தால் தோலில் மின்சாரம் எளிதாகப் பாய்வதைக் கருவி மைக்ரோசீமென்ஸ் கணக்கில் குறித்துக்கொள்ளும். ஆய்வுக்கூடத்தில் பயம் என்று சொல்வது பல சமயம் இந்த எண்ணைத்தான்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் டேனியலா ஷில்லர், ஜோசப் லெடூ, எலிசபெத் ஃபெல்ப்ஸ் உள்ளிட்டோர் நடத்திய சோதனை 2010இல் நேச்சர் இதழில் வந்தபோது பெரிய பேச்சானது. முதல் நாள் பயத்தைப் பழக்கினார்கள். மறுநாள் சதுரத்தை ஒரே ஒரு முறை காட்டி நினைவைக் கிளறிவிட்டு, 10 நிமிடம் பொறுத்து, அதிர்ச்சி இல்லாமல் அதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். கிளறப்பட்ட நினைவு சில மணி நேரம் இளகி இருக்கும், அதற்குள் திருத்திவிடலாம் என்பது கணிப்பு. மூன்றாம் நாள் இவர்களுக்குப் பயம் திரும்பவில்லை. 6 மணி நேரம் இடைவெளி விட்டவர்களுக்கும், நினைவைக் கிளறாமல் விட்டவர்களுக்கும் திரும்பியது. மருந்து மாத்திரை இல்லாமல் பயத்தைத் திருத்திவிடலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

பிறகு இதைச் செய்து பார்த்தவர்களில் சிலருக்கு அதே முடிவு கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் டாம் பெக்கர்ஸின் குழு இதை வேறு விதமாக அணுகியது. ஒருவரைக்கூடச் சோதிப்பதற்கு முன்பே, எத்தனை பேர், எப்படி அளப்பது, யாரை விலக்குவது என்று முழுத் திட்டத்தையும் கார்டெக்ஸ் இதழுக்கு அனுப்பினார்கள். வல்லுநர்கள் திட்டத்தைச் சரிபார்த்தார்கள். முடிவு எதுவானாலும் வெளியிடுவோம் என்று இதழ் ஒப்புக்கொண்டது. 2013இல் அந்த இதழில் கிறிஸ் சேம்பர்ஸ் தொடங்கிய ஏற்பாடு இது. 2020இல் முடிவு வந்தது: பயம் திரும்பத்தான் செய்தது.

அதே ஆண்டு அவர்கள் செய்த இன்னொரு வேலைதான் எனக்குச் சுவாரசியமானது. பழைய நியூயார்க் சோதனையின் தரவுகளையே எடுத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். இந்த மாதிரி ஆய்வுகளில் எல்லோரும் கணக்கில் வருவதில்லை. சிலருக்குக் கை வியர்ப்பதே இல்லை. சிலர் பயத்தைக் கற்றுக்கொள்வதே இல்லை. வராத பயத்தை எப்படி அழிப்பது? ஆகவே அவர்களை விலக்குவது நியாயம்தான். ஆனால் கோட்டை எங்கே போடுவது? எவ்வளவு வியர்த்தால் கற்றார் என்று வைத்துக்கொள்வது? ஹாம்பர்கில் டீனா லோன்ஸ்டோர்ஃபின் குழு 2019இல் அலசியபோது, இதற்கு ஆளுக்கொரு விதி இருப்பது தெரிந்தது. நியூயார்க் தரவில் யார் யார் விலக்கப்பட்டார்கள் என்பது கட்டுரையில் எழுதியிருந்த விதியோடு சீராகப் பொருந்தவில்லை என்கிறது லூவன் குழு. எழுதிய விதிப்படியே கணக்குப் போட்டால் அந்தப் பிரமாதமான முடிவும் நிற்கவில்லை.

இதை மோசடி என்று வாசிப்பது அவசரம். நல்ல எண்ணத்தோடு, தரவைப் பார்த்தபடியே எடுக்கும் சின்னச் சின்ன முடிவுகளே போதும், கணக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிட. மூலத் தரவு வெளியார் கைக்கு எட்டாமல் இருந்திருந்தால் இதுவும் வெளியே வந்திருக்காது. உளவியலில் வழக்கமான கட்டுரைகளில் 96 சதவீதம் தங்கள் முதல் கருதுகோளை உறுதிசெய்வதாகவும், முன்பே திட்டத்தைப் பதிவுசெய்தவற்றில் அது 44 சதவீதம்தான் என்றும் 2021இல் ஒரு ஒப்பீடு சொன்னது. எப்போதும் ஜெயிக்கிற துறை மேல் எனக்கு லேசாகச் சந்தேகம் வருகிறது.

பயப்படும் பொருளைப் படிப்படியாக எதிர்கொள்ளவைக்கும் சிகிச்சைக்கு இதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை. அதற்கு வலுவான சான்றுகள் தனியாகவே இருக்கின்றன. குணமான பிறகும் சிலருக்குப் பயம் ஏன் திரும்பி வருகிறது, அதை எப்படித் தடுப்பது என்ற கேள்வி மட்டும் இன்னும் ஆய்வுக்கூடங்களில்தான் இருக்கிறது.