"டிரிப்ஸ் போட்டா தெம்பு வருமா சிஸ்டர்?"

முற்றிய புற்றுநோயோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள், பக்கவாதம் வந்து படுத்த படுக்கையானவர்கள், வயதாகித் தளர்ந்து ஒடுங்கிப்போனவர்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் செவிலியரிடம் குடும்பத்தார் முதலில் கேட்பது பெரும்பாலும் வலியைப் பற்றி அல்ல. "ரெண்டு நாளா வாயில ஒண்ணும் வைக்கல. ஒரு பாட்டில் டிரிப்ஸ் போட்டா தெம்பு வருமா சிஸ்டர்?" என்பதுதான். கேட்பவர் மகளாக இருப்பார், அல்லது மருமகளாக. பின்னால் நிற்கும் உறவுக்காரர் ஒருவர், "பட்டினி போட்டுட்டாங்கன்னு நாளைக்கு ஊர் பேசும்" என்று தன் பங்குக்கு ஒரு வார்த்தை போட்டுவைப்பார். அதோடு அந்தப் பெண்ணின் முகம் செத்துவிடும்.

சாப்பிடாததால் உயிர் போகிறது என்று வீடு நினைக்கிறது. உண்மையில், உயிர் அடங்கும் கட்டம் வந்துவிட்டதால்தான் சாப்பாடு நிற்கிறது. முற்றிய நோயில் உடல் சைட்டோகைன் என்ற வேதிப்பொருட்களை ஏராளமாகச் சுரக்கிறது. அவை மூளையின் ஹைப்போதலாமஸில் பசியைத் தூண்டும் வேலையை அடக்கிவிடுகின்றன, தசையையும் கரைக்கின்றன. இந்த நிலையில் வலுக்கட்டாயமாக ஊட்டும் கஞ்சி தசையாக மாறுவதில்லை. விழுங்கும் தசைகளும் தளர்ந்திருப்பதால் அந்தக் கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியாவைக் கொண்டுவரலாம்.

பட்டினியால் தவிக்கிறாரே என்ற பயத்துக்கும் பதில் உண்டு. 1994இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நினைவோடு இருந்த 32 நோயாளிகளைக் கடைசிவரை கவனித்தார்கள். அவர்களில் 20 பேர் ஒருமுறைகூடப் பசியை உணரவில்லை. தாகம் எடுத்தவர்களுக்கும் ஒரு மிடறு நீர், சின்ன ஐஸ் துண்டு, ஈரப்படுத்திய உதடு இவ்வளவே போதுமாக இருந்தது. டிரிப்ஸைப் பற்றிய கேள்விக்கு 2013இல் வெளியான ஆய்வொன்றில் எடுவார்டோ புருவேரா குழுவினர் நேரடியாகவே விடை தேடினார்கள். முற்றிய புற்றுநோயாளிகள் 129 பேரில் ஒரு பிரிவினருக்குத் தினம் ஒரு லிட்டர் சலைன், மறு பிரிவினருக்குப் பேருக்கு 100 மில்லி. சோர்வு, குழப்பம் போன்ற உபாதைகளிலும் சரி, உயிரோடு இருந்த நாட்களிலும் சரி, வித்தியாசம் தெரியவில்லை. உள்ளே போகும் நீரை ரத்தக்குழாய்க்குள் நிறுத்திவைக்க அல்புமின் என்ற புரதம் வேண்டும். கடைசிக் கட்டத்தில் அது குறைந்துபோவதால் நீர் கசிந்து காலில் வீக்கமாகவும் நெஞ்சில் சளியாகவும் தேங்கலாம். எல்லா டிரிப்ஸும் வீண் என்று சொல்லவில்லை. வாந்தி பேதியால் வறண்டவருக்கு அது உயிர்காக்கும். நான் சொல்வது கடைசி நாட்களைப் பற்றி மட்டும்.

விவரம் தெரிந்த செவிலியர் இதையெல்லாம் பாடமாக ஒப்பிக்க மாட்டார். "டிரிப்ஸ் வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் குடும்பத்தின் கை வெறுங்கையாகிவிடும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் ஒரு வேலையைக் கற்றுக்கொடுப்பார். படுத்திருப்பவரின் தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, கன்னத்துக்குக் கீழே துண்டை விரிக்கச் சொல்வார். சுத்தமான துணியை விரலில் சுற்றி, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்துவிட்டு ஈறு, உள்கன்னம், நாக்கு என்று மெதுவாகத் துடைக்க வேண்டும். நாக்கில் வெள்ளையாகப் படர்ந்திருந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், மருந்து உண்டு. கடைசியாக உதட்டில் கொஞ்சம் தேங்காயெண்ணெய். சில மணி நேரத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் வறட்சி அடங்கும். உறவினர்கள் வரிசையில் நின்று பால் ஊற்றும் வழக்கத்தையும் நல்ல செவிலியர் தடுப்பதில்லை. கரண்டியை வாங்கி வைத்துவிட்டு, பாலில் நனைத்த பஞ்சை நீட்டுவார். சடங்கும் நடக்கும், புரையும் ஏறாது.

அடுத்து வீட்டைக் கலங்கடிப்பது தொண்டையில் கேட்கும் கரகரப்பு. நினைவு மங்கியவர் எச்சிலை விழுங்குவதில்லை. அது தொண்டையில் தேங்கி, மூச்சு போய்வரும்போது சத்தமிடுகிறது. கேட்பவருக்கு நெஞ்சு பதறும். ஆனால் அந்தச் சத்தத்தால் நோயாளிக்கு மூச்சுத் திணறல் ஏற்படுவதாகத் தெரியவில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்தாலே பலருக்குக் குறைந்துவிடும். வயிற்றுவலிக்குத் தரும் ஹயோசின் ப்யூட்டைல்புரோமைடு மருந்தை முன்கூட்டியே தோலுக்கடியில் செலுத்தினால் இந்தக் கரகரப்பு 27 சதவீதத்திலிருந்து 13 சதவீதமாகக் குறைவதாக நெதர்லாந்தில் செய்த ஆய்வொன்று 2021இல் காட்டியது. மூச்சு வேகமெடுத்து, மெல்ல அடங்கி, சில நொடிகள் நின்று, மறுபடி தொடங்குவதும் இயல்பே. 1818இல் ஜான் செய்னும் பிறகு வில்லியம் ஸ்டோக்ஸும் பதிவுசெய்த அந்தத் தாளம் இன்றும் அவர்கள் பெயரிலேயே வழங்குகிறது. நினைவோடு மூச்சு வாங்குபவருக்கு முகத்துக்கு நேரே விசிறினால் இதமாக இருக்கும். கன்னத்திலும் மூக்கிலும் படும் குளிர்காற்று, முகத்தின் உணர்வு நரம்பு வழியாகத் திணறல் உணர்வைத் தணிக்கிறது. நம் வீட்டுக் கிழவிகள் பனையோலை விசிறியோடு தலைமாட்டில் உட்கார்ந்தது வீண் வேலையல்ல.

இனி மார்ஃபின். "அதைக் கொடுத்தா கதை முடிஞ்சிடும்" என்ற பயம் படித்தவர்களிடமும் உண்டு. இந்தப் பயத்தை உடைத்தவர் சிசிலி சாண்டர்ஸ். லண்டனில் செவிலியராகப் பயின்றவர், முதுகுவலியால் அந்த வேலையை விட வேண்டிவந்தது. மருத்துவமனைச் சமூகப் பணியாளரானார். 1948இல் புற்றுநோயால் இறந்த டேவிட் டாஸ்மா என்ற போலந்து அகதி, சாண்டர்ஸ் பின்னாளில் கட்டப்போகும் ஹாஸ்பிஸுக்காக, அதாவது கடைசிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லத்துக்காக, 500 பவுண்ட் விட்டுச்சென்றார். அந்தக் காலத்தில் புனித லூக்கா இல்லத்தில் தன்னார்வச் செவிலியராக வேலை பார்த்தபோது சாண்டர்ஸ் ஒன்றைக் கவனித்தார். மற்ற மருத்துவமனைகளில் நோயாளி வலியில் கதறிய பிறகுதான் ஊசி. இங்கேயோ வலி தலைதூக்கும் முன்பே, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வாய்வழியாக மார்ஃபின். நோயாளிகள் மயங்கிக் கிடக்கவில்லை, பேசிக்கொண்டிருந்தார்கள். இதை மருத்துவ உலகம் ஒப்புக்கொள்ள வேண்டுமானால் மருத்துவராக வேண்டும் என்று மறுபடி படித்து, 1957இல் பட்டம் வாங்கினார்; 1958 முதல் புனித ஜோசப் இல்லத்தில் நோயாளி நோயாளியாகக் குறிப்பெடுத்தார். 1967இல் தெற்கு லண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். செவிலியர்களின் கைப்பழக்கமாக இருந்த ஒன்று இப்படித்தான் அறிவியல் ஆனது. அதை அறிவியலாக்க ஒரு செவிலியர் மருத்துவப் பட்டம் வாங்க வேண்டியிருந்தது என்பது வேறு கதை.

வலிக்கு ஏற்றபடி சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுக்கும் மார்ஃபின் மூச்சை நிறுத்திவிடுவதில்லை. தீராத தொல்லை மலச்சிக்கல்தான். அதற்கான மருந்தைத் தொடக்கத்திலிருந்தே சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஆனால் மாத்திரை கிடைக்க வேண்டுமே! உலகுக்கே சட்டப்படி அபின் விளைவித்துக் கொடுக்கும் இந்தியாவில், 1985இன் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு உரிமங்களின் சிக்கலுக்குப் பயந்து பல மருத்துவமனைகள் மார்ஃபினையே கைவிட்டன. சட்டம் திருத்தப்பட 2014 வரை ஆனது. அதற்குள் ஒரு தலைமுறை மருத்துவர்கள் அதை எழுதிப் பழகாமலேயே வளர்ந்துவிட்டார்கள். பக்கத்தில் கேரளம் காத்திருக்கவில்லை. 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் எம்.ஆர்.ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் தொடங்கிய வலி தணிப்பு முயற்சி ஊர்த் தன்னார்வலர்களால் பரவி, 2008இல் அரசின் கொள்கையே ஆனது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகளோடு வலி தணிப்புச் சிகிச்சையும் சேர்ந்திருக்கிறது. மாத்திரை விநியோகம் வெளியே தெரியும் அளவுக்கு இது தெரியவில்லை என்பது என் ஆதங்கம்.

மருந்தில்லாத வேலைகளும் உண்டு. படுக்கைப் புண்ணுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பதே இன்றும் அடிப்படை வைத்தியம். சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்கின்றன பாடநூல்கள். நம் கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. தொட்டுப் பார்த்துச் சூட்டையும் கெட்டிப்பையும் உணர வேண்டும்.

திடீரென்று ஒரு ராத்திரி பெரியவர் எழுந்து உட்கார்ந்து, துணியைப் பிய்த்துக்கொண்டு கத்தினால் வீடு மந்திரிக்க ஆள் தேடும். தேர்ந்த செவிலியரின் கை முதலில் அடிவயிற்றுக்குப் போகும். அடைத்துக்கொண்ட சிறுநீர்ப்பை அங்கே பந்தாக உப்பியிருக்கலாம். ஒரு டியூப் போட்டதும் ஆள் அமைதியாகிவிடுவதுண்டு. ஆனால் "அம்மா வந்து கட்டில்ல உக்காந்திருக்கா" என்று எப்போதோ இறந்துபோனவரைப் பற்றி நிதானமாகச் சொல்வது வேறு ரகம். அமெரிக்காவின் பஃபலோ நகரத்து ஹாஸ்பிஸ் ஒன்றில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில் 88 சதவீதம் பேர் இப்படிக் கனவோ காட்சியோ கண்டதாகச் சொன்னார்கள். இறந்த சொந்தங்கள் வந்த காட்சிகளே அவர்களுக்கு அதிக ஆறுதல் தந்தன. மறுத்துப் பேசவும் வேண்டாம், மாத்திரை கொடுத்து அடக்கவும் வேண்டாம். கண் திறக்காதவர் பக்கத்தில் உட்கார்ந்து சொத்துக் கணக்கு பேசுவதையும் தவிர்க்கலாம். பேச்சுமூச்சற்றுக் கிடந்த சிலரின் மூளை அலைகள், நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்களுடையதைப் போலவே ஒலிகளுக்கு எதிர்வினை காட்டியதைக் கனடாவில் நடந்து 2020இல் வெளியான சிறு ஆய்வொன்று கண்டது.

மரணத்தோடு பல இடங்களில் செவிலியரின் வருகையும் நின்றுவிடுகிறது. நிற்கக் கூடாது என்பதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. சாண்டர்ஸின் சகாவும், புனித கிறிஸ்டோபர் இல்லத்தில் துக்க ஆதரவுப் பணியை உருவாக்கியவருமான மனநல மருத்துவர் காலின் மர்ரே பார்க்ஸ், 55 வயதைத் தாண்டி மனைவியை இழந்த 4,486 ஆண்களைப் பற்றி 1969இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். முதல் ஆறு மாதங்களில் 213 பேர் இறந்திருந்தார்கள். அது வழக்கமாக எதிர்பார்க்கக்கூடியதைவிட 40 சதவீதம் அதிகம். மிகுதியான சாவுகளில் பெரும்பங்கு இதயநோயால்.

நம் ஊரில் பதினாறாம் நாள் காரியம்வரை வீட்டில் ஆள் இருக்கும், அடுத்த வீட்டிலிருந்து சாப்பாடு வரும். ஆபத்து அதற்குப் பிறகு, பந்தலைப் பிரித்து எல்லோரும் ஊருக்குத் திரும்பியபின். மனைவி எடுத்துக் கொடுத்தே மாத்திரை போட்டுப் பழகியவருக்கு எது காலை மாத்திரை, எது ராத்திரி மாத்திரை என்று தெரியாது. மீந்த மார்ஃபினைத் திரும்ப வாங்கவென்று வரும் செவிலியர் அப்படியே பிரஷர் பார்க்கலாம், சுகர் பார்க்கலாம், ராத்திரி தூக்கம் வருகிறதா, காலையில் யார் சமைக்கிறார்கள் என்று விசாரிக்கலாம். பெரியவர் "எனக்கென்னம்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். அதைக் கேட்டுக்கொண்டே அவருடைய மாத்திரை டப்பாவைத் திறந்து, எத்தனை மீந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.